எடி ராபின்சன்: ஒரே கல்லூரி, 57 ஆண்டுகள், 408 வெற்றிகள்

#1 செங்கரும்பு

இங்கே என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். சிறந்த கோச் யார் என்று பேச்சு வந்தால் பெலிச்சிக், ஷூலா, ஆண்டி ரீட் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. எடி ராபின்சன் பெயரை மட்டும் யாரும் எடுப்பதே இல்லை. இந்த ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதனால் அவருக்கென்றே தனி இழை.

ராபின்சன் 1919-ல் லூசியானாவில் பிறந்தவர். அப்பா குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டவர், அம்மா வீட்டுவேலை செய்தவர். கல்லூரி முடித்தும் கோச் வேலை கிடைக்காமல், பேட்டன் ரூஜ் நகரில் ஒரு மாட்டுத்தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். 1941-ல் மாநிலத்தின் வடக்கே கிராம்ப்ளிங் என்ற சின்ன ஊரில் இருந்த கறுப்பினக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வயது 22, சம்பளம் மாதம் 63 டாலர் 75 சென்ட். 1997-ல் ஓய்வு பெறும் வரை அந்த ஊரை விட்டு அவர் நகரவில்லை. ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தபோது சேர்ந்து, கிளின்டன் காலத்தில் இறங்கினார். கணக்கு: 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன்.

என் கட்சி இதுதான். 408 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம். கறுப்பின இளைஞர்களை உள்ளேயே விடாத ஒரு விளையாட்டுக்கு, இனி மறுக்கவே முடியாது என்ற நிலையில் ஆள் மாற்றி ஆள் தயார் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அதைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

#2 கடைசி ஓவர்

நான் கிரிக்கெட் ஆள், சூப்பர் பவுல் என்கிற என்எஃப்எல் இறுதி ஆட்டம் இரண்டு மூன்று பார்த்ததோடு சரி. ஒரு கல்லூரி கோச் எப்படி இவ்வளவு பெரிய ஆள் ஆனார்? நம் ஊரில் கல்லூரி அணியின் பயிற்சியாளர் பெயர் அந்தக் கல்லூரிக்குள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியாதே.

#3 ஹூஸ்டன்வாசி

கடைசி ஓவர் தம்பி, அங்கே கதையே வேறு. கல்லூரி ஆட்டத்துக்கு 80,000, 90,000 பேர் வருகிற மைதானங்கள் உண்டு. தென் மாநிலங்களில் பல ஊர்களில் தொழில்முறை அணியே கிடையாது, கல்லூரி அணிதான் எல்லாம். என்எஃப்எல் அணிகள் ஆட்களை எடுப்பதும் டிராஃப்ட் (வருடா வருடம் அணிகள் முறை வைத்துச் சுற்றுச் சுற்றாக ஆள் எடுப்பது) வழியாகக் கல்லூரிகளில் இருந்துதான். ஆகவே கல்லூரி கோச் கைபட்டுத்தான் ஒவ்வொரு ஆட்டக்காரனும் வருகிறான்.

கறுப்பினக் கல்லூரிகள் பற்றி ஒரு வார்த்தை. இனப் பிரிவினைச் சட்டங்கள் இருந்த காலத்தில் தெற்கில் கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாகத் தொடங்கப்பட்டவை இவை. கிராம்ப்ளிங், சதர்ன், ஜாக்சன் ஸ்டேட், மார்கன் ஸ்டேட் என்று நிறைய. பணம் குறைவு, கட்டடம் குறைவு. திறமைக்கு மட்டும் பஞ்சமே இல்லை, வெள்ளையர் கல்லூரிகள் அந்தப் பிள்ளைகளைச் சேர்க்காததால்.

#4 வெள்ளாறு

மதிப்பு எனக்கும் உண்டு செங்கரும்பு, ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். 408 வெற்றி யாருக்கு எதிராக? அலபாமா கல்லூரி கோச் பேர் பிரையன்ட் 323 வெற்றி பெற்றது டென்னசி, ஆபர்ன் மாதிரி பெரிய அணிகளோடு மோதி. ராபின்சன் ஆடியது பெரும்பாலும் சின்னக் கல்லூரிகளோடு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பது சரியா?

#5 செங்கரும்பு

எதிர்பார்த்த கேள்விதான். ஒன்று கேட்கிறேன். பெரிய கல்லூரிகளோடு ஆடாமல் இருந்தது ராபின்சன் முடிவா? அவர் வளர்ந்த பேட்டன் ரூஜ் நகரில்தான் எல்எஸ்யூ இருக்கிறது, மாநிலத்தின் மிகப் பெரிய கல்லூரி. எழுபதுகளின் தொடக்கம் வரை அந்த அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் கிடையாது. பிரையன்டின் அலபாமாவிலும் முதல் கறுப்பின ஆட்டக்காரர் களமிறங்கியது 1971-ல்தான். உடன் ஆடவே மறுத்தவர்கள் பக்கம் நின்றுகொண்டு, "நீ யாரோடு ஆடினாய்?" என்று அவரைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அணியின் தரம் தெரிய வேண்டும் என்றால் 1963-ஐப் பாருங்கள். அப்போது ஏஎஃப்எல், என்எஃப்எல் என்று இரண்டு போட்டி லீக்குகள். கிராம்ப்ளிங்கின் பக் புக்கானன், ஆறடி ஏழு அங்குல உயரத் தடுப்பாட்டக்காரர். ஏஎஃப்எல் டிராஃப்டில் முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தார்கள். அதே ஆண்டு என்எஃப்எல் டிராஃப்டில் அவர் பெயர் வந்தது 19-ஆவது சுற்றில், 265-ஆவது ஆளாக. ஆள் ஒருவர்தான். ஒரு லீக் கறுப்பினக் கல்லூரிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தது, மற்றது அந்தப் பக்கம் சரியாகத் திரும்பக்கூட இல்லை. புக்கானன் பிறகு கான்சஸ் சிட்டி அணியோடு சூப்பர் பவுல் வென்று, தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் பெற்றார். வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் மூவரும் ராபின்சன் பிள்ளைகள்தான், அவர்களும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். இதில் டேவிஸ் 15-ஆவது சுற்றில் போனவர். பிரவுனை யாருமே எடுக்கவில்லை. மொத்தத்தில் 200-க்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். சின்னக் கல்லூரி அணி என்று இதை எப்படிச் சொல்வது?

#6 நெய்தல்

முதல் சில வருடங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கு அந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும்.

1941-ல் துணைக்கு ஒரு உதவிக் கோச்கூட இல்லை. கல்லூரியின் இரவுக் காவலாளி வந்து கைகொடுத்தார். புல் வெட்டுவது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, அடிபட்ட கணுக்காலுக்குக் கட்டுப்போடுவது எல்லாம் ராபின்சனே. ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புவதும் அவரே. அந்த வருடம் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருடம் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. அந்த ஒன்பதிலும் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை!

அப்புறம் போர் வந்தது. 1943, 44-ல் கல்லூரியில் அணியே இல்லை, பையன்கள் எல்லாம் ராணுவத்தில். ராபின்சன் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டார். அங்கே இருந்த நல்ல ஆட்டக்காரர்களைப் பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று அவர்கள் அப்பா வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ராபின்சன் அவரிடம் வாதாடவில்லை. மொத்த அணியையும் அந்த வயலில் இறக்கிப் பருத்தியை எடுத்து முடித்தார். பையன்கள் திரும்பி வந்தார்கள், அந்த அணி கோப்பையும் வென்றது.

வெளியூர் ஆட்டம் என்றால் வழியில் இருக்கிற உணவகங்களில் கறுப்பினத்தவருக்கு இடம் தர மாட்டார்கள். கிளம்பும்போதே சாண்ட்விச் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். விடுதியில் காலையில் கையில் மாட்டுமணியை ஆட்டிக்கொண்டு அறை அறையாகப் போய் எழுப்புவார், எழுந்து வகுப்புக்குப் போ என்று. பேர் பெற்ற கோச் ஆன பிறகும் அந்த மணி ஓயவில்லை.

#7 கடைசி ஓவர்

நெய்தல் அக்கா, பருத்தி வயல் விஷயம் அருமை. அந்த அப்பாவுக்கு அறுவடை முக்கியம் என்று புரிந்துகொண்டாரே, அதுதான் பெரிசு.

#8 பழைய பேப்பர்

சரி, குவார்ட்டர்பேக் விஷயத்துக்கு வருவோம். அது இல்லாமல் ராபின்சன் கதை பாதிதான்.

கடைசி ஓவருக்காகச் சுருக்கமாக: குவார்ட்டர்பேக்தான் ஆட்டத்தை நடத்துகிறவன். ஒவ்வொரு முறையும் பந்து அவன் கைக்கு வரும், மூன்று நான்கு நொடியில் எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். கறுப்பினத்தவர்களுக்கு ஓட்டம் உண்டு, வலு உண்டு, ஆனால் அந்த இடத்துக்குத் தேவையான மூளை கிடையாது என்பது அன்றைய என்எஃப்எல் நம்பிக்கை. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவனை எடுத்து, வந்ததும் பந்து பிடிக்கிற இடத்துக்கோ தடுப்பாட்டத்துக்கோ மாற்றிவிடுவார்கள்.

இதை உடைப்பது என்று ராபின்சன் தீர்மானம் பண்ணித்தான் இறங்கினார். பக்கத்து ஊர் மன்ரோவில் இருந்து ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற உயரமான பையனைக் கொண்டுவந்தார். அதுவரை கிராம்ப்ளிங் ஆட்டம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதை நம்பியது. ஹாரிஸ் வந்ததும் என்எஃப்எல் அணிகள் ஆடுகிற பாணியில் வீச்சைக் கற்றுக்கொடுத்தார். என்ன ஆனாலும் இடத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்காதே என்று சொல்லி அனுப்பினார். 1969 டிராஃப்டில் ஹாரிஸை எட்டாவது சுற்றில்தான் எடுத்தார்கள். வெறுத்துப்போய் ஆட்டமே வேண்டாம் என்று இருந்தவரிடம், நீ போகாவிட்டால் அடுத்து வருகிறவனுக்கு இன்னும் கஷ்டம் என்று பேசிப் புரியவைத்து அனுப்பினார் ராபின்சன். அதே ஆண்டு சீசனின் முதல் ஆட்டத்தில் பஃபலோ பில்ஸுக்காக ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர் சீசனை அந்த இடத்தில் தொடங்கியது அதுவே முதல் தடவை. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போய், 1974 சீசனில் அணியை அரையிறுதிக்குச் சமமான ஆட்டம் வரை கொண்டுபோனார்.

ஹாரிஸுக்குப் பின்னால் டக் வில்லியம்ஸ். 1977-ல், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது ஓட்டெடுப்பில் நான்காவது இடம். கறுப்பினக் கல்லூரி ஒன்றின் ஆட்டக்காரருக்கு அது சாதாரண விஷயம் இல்லை. அடுத்த ஆண்டு டிராஃப்டுக்கு முன்னால் டாம்பா பே அணி தன் உதவிக் கோச் ஒருவரைக் கிராம்ப்ளிங்குக்கு அனுப்பியது. ஜோ கிப்ஸ். அவர் சில நாள் தங்கி வில்லியம்ஸோடு பேசி, வகுப்பில் எப்படி இருக்கிறார் என்பது வரை பார்த்தார். அவர் சொல்லித்தான் முதல் சுற்றில், 17-ஆவது ஆளாக எடுத்தார்கள். பத்து வருடம் கழித்து அதே கிப்ஸ் வாஷிங்டன் அணியின் தலைமைக் கோச், அங்கே வில்லியம்ஸ் மாற்று ஆட்டக்காரர். 1987 சீசனில் தொடக்கத்தில் இறக்கப்பட்ட இரண்டு ஆட்டத்திலும் அவருக்குத் தோல்வி. ஆனாலும் பிளேஆஃப் வந்தபோது கிப்ஸ் அவரைத்தான் நம்பினார்.

1988 ஜனவரி 31, சான் டியாகோ. டென்வரோடு சூப்பர் பவுல். முதல் கால்பகுதியில் வாஷிங்டன் 0-10 என்று பின்தங்கிவிட்டது, வில்லியம்ஸ் கால் வழுக்கி முழங்கால் பிசகி வெளியே போனார். இரண்டாம் கால்பகுதிக்குத் திரும்பி வந்தார். முதல் பந்தே ரிக்கி சாண்டர்ஸுக்கு 80 கெஜ டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது). அந்தப் பதினைந்து நிமிட ஆட்டத்தில் அவர் வீசியது நான்கு டச்டவுன், அணி எடுத்தது 35 புள்ளி. கடைசியில் 42-10. ஆட்ட நாயகன் வில்லியம்ஸ். சூப்பர் பவுலில் களமிறங்கிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக்கும் அவர்தான், வென்ற முதல் ஆளும் அவர்தான். அறுபத்தெட்டு வயது ராபின்சன் அன்று மைதானத்தில் இருந்து அதைப் பார்த்தார்.

இன்று மஹோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ் என்று இரண்டு கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் சூப்பர் பவுலில் எதிரெதிரே நிற்பது யாருக்கும் வியப்பாக இல்லை. அந்த வரிசையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் கிராம்ப்ளிங்கில்தான் போய் நிற்கும்.

#9 வெள்ளாறு

பழைய பேப்பர், இதற்கு மேல் தரத்தைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. ஜோ கிப்ஸ் கிராம்ப்ளிங் போய்த் தங்கியது எனக்குப் புது விஷயம்.

#10 கடைசி ஓவர்

இவ்வளவு செய்தவரை ஒரு என்எஃப்எல் அணிகூடத் தலைமைக் கோச்சாகக் கூப்பிடவில்லையா?

#11 ஹூஸ்டன்வாசி

வருடங்களை மட்டும் சொல்கிறேன் தம்பி, உனக்கே புரியும். நவீன என்எஃப்எல்லில் முதல் கறுப்பினத் தலைமைக் கோச் ஆர்ட் ஷெல், 1989-ல் ரெய்டர்ஸ் அணிக்கு. அப்போது ராபின்சனுக்கு வயது 70. கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டப் பிரிவில் முதல் கறுப்பினத் தலைமைக் கோச் வில்லி ஜெஃப்ரிஸ், 1979-ல் விச்சிட்டா ஸ்டேட்டுக்கு. அப்போது இவருக்கு வயது 60. கதவு திறக்கும்போது இவருக்கு வயதாகிவிட்டது.

#12 மழைக்கால்

எல்லோரும் புகழ்வதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். அறுபதுகளில் கறுப்பின இளைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடியபோது ராபின்சன் அந்தப் பக்கம் நிற்கவில்லை. அமெரிக்காவை நம்புகிறேன், உழைத்தால் இந்த நாட்டில் முன்னேறலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1967-ல் கிராம்ப்ளிங் மாணவர்களே கிளர்ச்சி செய்தார்கள், ஃபுட்பாலுக்குக் கொடுக்கும் முக்கியத்துவம் படிப்புக்கு இல்லை என்று. அந்த மாணவர்கள் கேட்டது தப்பா? ஒரு கல்லூரி தன் கோச்சால் மட்டுமே பேர் வாங்குவது நல்லதா?

#13 செங்கரும்பு

அந்த மாணவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதை மறைத்து ராபின்சனைப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. நூலகத்துக்குப் போக வேண்டிய கவனம் மைதானத்துக்குப் போகிறது என்று ஒரு மாணவன் கோபப்பட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி.

அவர் போராடவில்லை என்பதை மட்டும் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 1949-ல் டாங்க் யங்கர் என்ற ஆட்டக்காரரை ராம்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. கறுப்பினக் கல்லூரியில் இருந்து என்எஃப்எல் போன முதல் ஆள். நீ தோற்றால், உங்கள் ஆட்களில் சிறந்தவனையே எடுத்துப் பார்த்துவிட்டோம், தேறவில்லை என்று கதவைச் சாத்திவிடுவார்கள் என்று ராபின்சன் அவரிடம் சொல்லித்தான் அனுப்பினார். அந்தப் பையன் தலையில் எவ்வளவு பாரம்! யங்கர் பத்து சீசன் ஆடினார். ஊர்வலம் போகாத ஒருவர் அதே சுவரை வேறு இடத்தில் இடித்துக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெருவில் நின்றவர்கள் செய்ததை அது குறைக்காது. அவர்கள் இல்லாமல் சட்டம் மாறியிருக்காது.

#14 மழைக்கால்

இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சட்டம் மாறியதுதான் கிராம்ப்ளிங்கைப் பலவீனப்படுத்தியது, அதையும் சொல்லுங்கள்.

#15 பழைய பேப்பர்

ஆமாம், அது வலிக்கிற பகுதி. 1970 செப்டம்பரில் தெற்கு கலிபோர்னியா அணி அலபாமாவுக்கு வந்து 42-21 என்று அடித்துவிட்டுப் போனது. அந்த அணியில் சாம் கன்னிங்ஹம் என்ற கறுப்பின ஆட்டக்காரர் ஓட்டத்திலேயே பிளந்து கட்டினார். அந்தக் காலத்தில் தெற்கின் பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாகக் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கின. பெரிய மைதானம், தொலைக்காட்சி, வசதியான விடுதி. ஒரு காலத்தில் நேராகக் கிராம்ப்ளிங்குக்கு வந்திருக்க வேண்டிய பையன்கள் எல்எஸ்யூவுக்கும் அலபாமாவுக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அந்த வாய்ப்புக்காகத்தானே முப்பது வருடம் ராபின்சன் உழைத்தார்.

அதற்கப்புறமும் அவர் சும்மா விடவில்லை. டக் வில்லியம்ஸ் வந்ததே எழுபதுகளில். கிராம்ப்ளிங்கின் விளம்பரப் பொறுப்பைப் பார்த்த காலி நிக்கல்சனோடு சேர்ந்து அணியை நாடு முழுக்கக் கொண்டுபோனார். 1968-ல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் மார்கன் ஸ்டேட்டோடு ஆடியபோது 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1976-ல் டோக்கியோவிலேயே ஒரு ஆட்டம். 1985 அக்டோபர் 5 அன்று டல்லாஸில் பிரெய்ரி வியூ அணியை 27-7 என்று வென்று, 324-ஆவது வெற்றியோடு பிரையன்டைத் தாண்டினார்.

#16 வெள்ளாறு

ஆனால் கடைசியில் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டார், இல்லையா? 1995-லேயே விட்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அந்த ஆண்டுதான் 400-ஆவது வெற்றி.

#17 நெய்தல்

உண்மைதான் வெள்ளாறு. கடைசி மூன்று சீசனும் தோல்விக் கணக்கு. 1996 முடிவில் நிர்வாகம் போகச் சொன்னது. ஊரும் பழைய மாணவர்களும் கொதித்தார்கள், ஆளுநர் வரை போய், இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள். 1997 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், பரம எதிரியான சதர்ன் கல்லூரியோடு வருடா வருடம் ஆடும் பேயூ கிளாசிக்தான் அவருக்குக் கடைசி ஆட்டம். 7-30 என்று தோற்றார்.

எனக்கும் அவர் ஜெயித்துவிட்டு இறங்கியிருக்கலாம் என்ற ஏக்கம் உண்டு. ஆனால் 22 வயதில் இருந்து வேறு எதுவும் தெரியாத மனிதர். ஒரே வேலை, ஒரே ஊர், மனைவி டோரிஸ். 78 வயதில் போதும் என்று தானாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் அல்சைமர் நோய் வந்தது, அந்த 408-ம் அவருக்கே நினைவில் இல்லாமல் போனது. 2007 ஏப்ரல் 3 அன்று காலமானார். பேட்டன் ரூஜில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் உடலை வைத்து மக்கள் அஞ்சலி செலுத்தினார்கள்.

#18 கடைசி ஓவர்

இப்போதும் அவர்தான் முதலிடமா?

#19 ஹூஸ்டன்வாசி

இல்லை. கல்லூரி ஆட்டத்தின் மூன்றாம் பிரிவில் மினசோட்டா செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் ஜான் கல்யார்டி 2003-லேயே தாண்டி, 489 வெற்றியோடு முடித்தார். முதல் பிரிவில் பென் ஸ்டேட்டின் ஜோ பேட்டர்னோ 2011 அக்டோபரில் 409-ஐத் தொட்டார். சில நாட்களில் அவருடைய முன்னாள் உதவிக் கோச் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு வெடித்தது, பேட்டர்னோவை நீக்கினார்கள். 2012-ல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு அவருடைய 111 வெற்றிகளைக் கணக்கில் இருந்து எடுத்தது. அப்போது முதல் பிரிவில் ராபின்சன் மறுபடி முதலிடம். 2015-ல் ஒரு வழக்குச் சமரசத்தில் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள், பேட்டர்னோ மறுபடி மேலே. ஒரே ஒரு வெற்றி வித்தியாசம். அந்த ஒரு ஆட்டத்தை வைத்து இருவரையும் எடைபோட எனக்கு மனம் ஒப்பவில்லை.

#20 கடைசி ஓவர்

அவருக்கு அப்புறம் கிராம்ப்ளிங் அணி என்ன ஆனது?

#21 செங்கரும்பு

அவர் இடத்துக்கு 1998-ல் வந்தவர் டக் வில்லியம்ஸ். மூன்று வருடமாகத் துவண்டு கிடந்த அணியை எடுத்து, 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று முறை, கிராம்ப்ளிங் ஆடும் கல்லூரி லீக்கின் கோப்பையை வென்றார். பேயூ கிளாசிக் இன்றும் நன்றி கூறும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் நடக்கிறது. இரண்டு கல்லூரிகளின் இசைக்குழுக்களும் முதல் நாளே மோதிக்கொள்ளும், அதற்கே தனிக் கூட்டம் உண்டு. ஹூஸ்டன்வாசி அண்ணனுக்குக் கார் ஓட்டினால் ஐந்தாறு மணி நேரம்தான். இந்த வருடம் யாராவது போனால் இங்கே வந்து எழுதுங்கள்.